மாமன் இறங்காத வண்டி

அரியலூர்ப் பக்கத்தில் ஒரு கல்யாணம் எந்தச் சச்சரவும் இல்லாமல் முடிந்துவிட்டால் ஜனங்களுக்குச் சாப்பிட்டது செரிக்காது. யாராவது ஒருவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு மண்டபத்து வாசலிலேயே நின்றுவிட வேண்டும். அவரைக் கூப்பிடப் போனவர்கள் எல்லாம் தோற்றுத் திரும்பி, கடைசியில் யாரோ ஒருவர் கையைப் பிடித்து அழைத்துவர வேண்டும். அப்படி நிற்கிறவர் பெரும்பாலும் தாய்மாமனாக இருப்பார். சீரோடு வருகிற மாமனை மேளத்தோடு எதிர்கொண்டு அழைப்பது முறை. மேளக்காரர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து மாமன் வந்துவிட்டால், அன்றைய முகூர்த்தம் மாமன் கையில்தான்.

இந்த வாசல் வேடிக்கையைப் படமாக எடுத்துப் பேர் வாங்கியவன் கோகுலகிருஷ்ணன். அதே வேடிக்கையால் கெட்டுக் குட்டிச்சுவராகப் போக இருந்தவனும் அவன்தான். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை விட்டால் நன்றாக இருக்காது.

உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் முந்திரிக்காட்டை ஒட்டிய ஊர் அவனுக்கு. அப்பா அங்கமுத்துவுக்கு முந்திரி விவசாயம். பெரியப்பா, சித்தப்பா, அத்தை என்று ஒரே உலையில் சோறு பொங்கிய குடும்பம். அம்மா பஞ்சவர்ணம் திருமழபாடிக்காரி. கொள்ளிடத்துத் தண்ணீரில் குளித்து வளர்ந்தவள், இந்தச் செம்மண் காட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். அவளுக்கு ஒரே ஒரு அண்ணன். அவர்தான் சாமிதுரை.

சாமிதுரை பழைய புல்லட்டில் வருவார். அரியலூரில் சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே புகுந்து வருவதால் புருவம் வரைக்கும் வெள்ளைத் தூசி அப்பியிருக்கும். காதுகுத்தோ, சடங்கோ, புதுமனையோ, எந்த விசேஷமானாலும் வாசலில் வண்டியை நிறுத்துவார். ஆனால் அணைக்க மாட்டார். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, வண்டி டபடபவென்று அதிர, வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

"எறங்குங்க மச்சான்" என்று அங்கமுத்து ஓடி வருவார்.

"இருக்கட்டும் மாப்ள. மொகத்தக் காட்டிட்டேன்ல, அப்படியே கெளம்புறேன்."

காரணம் கேட்டால் ஏதாவது ஒன்று இருக்கும். பத்திரிகை வைக்க வந்தவன் செருப்பைக் கழற்றவில்லை. தட்டில் வெற்றிலை இருந்தது, பாக்கைக் காணோம். வாங்க என்று சொன்ன குரலில் சுரத்து இல்லை. பெரியப்பா வந்து கெஞ்சுவார், சித்தப்பா வந்து கெஞ்சுவார். வண்டிப் புகையில் வாசல் கோலம் கறுக்கும். பந்தலில் இருக்கிற கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் டவுசர் போட்ட கோகுலகிருஷ்ணன்.

ஜெயங்கொண்டம் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் ஒரு முக்காலியில் ஏறி உட்கார்ந்து, விளக்குமாற்றைக் கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டு, மாமனை அப்படியே நடித்துக் காட்டினான். தலைமையாசிரியரே நாற்காலியில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவ்வளவுதான், பையனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. அரியலூரில் காலேஜ் முடித்த கையோடு சென்னைக்குப் பஸ் ஏறினான்.

உதவி இயக்குநராக இருந்த வருஷங்கள் எல்லா உதவி இயக்குநர்களுக்கும் இருப்பது போலத்தான், சொல்லி அழ வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம். முகூர்த்த நாள் வந்தால் அவன் வடபழனிப் பக்கம் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்துவிடுவான். பெண் வீட்டுக்காரர்கள் அவனை மாப்பிள்ளை வீடு என்று நினைப்பார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் பெண் வீடு என்று நினைப்பார்கள். வயிற்றுக்குச் சோறும் ஆச்சு, தொழிலுக்குப் பாடமும் ஆச்சு. ஒருவர் கத்தும்போது அவரைப் பார்க்காமல் பக்கத்தில் நிற்பவரைப் பார்க்க அங்கேதான் பழகினான்.

"பேசுறவன் மொகத்துல சிரிப்பு இல்லடா. கேட்டுக்கிட்டு நிக்கிறான் பாரு, அவன் மொகத்துல கேமராவ வை" என்று பிற்பாடு தன் உதவியாளர்களிடம் சொல்லுவான். நல்ல பாடம்தான். சொன்னவனே அதை ஒரு முக்கியமான இடத்தில் மறந்தான்.

முதல் படம் ஓடியது. பெரிய நடிகர் யாரும் இல்லாத சின்னப் படம், ஆனால் வாய்வழியாகவே பரவி ஓடியது. அதில் ஒரு மாமன். புல்லட்டை அணைக்காமல் மண்டப வாசலில் உட்கார்ந்து, ஆட்டுக்கால் எலும்பு தனக்கு விழவில்லை என்பதற்காகக் கல்யாணத்தையே நிறுத்தப் பார்க்கிற மாமன். தியேட்டரில் ஜனங்கள் சீட்டை விட்டு எழுந்து சிரித்தார்கள். அந்தக் காட்சியை வெட்டி ஒட்டி எல்லோர் போனிலும் ஏற்றிவிட்டார்கள். தேர்தல் சமயத்தில் ஒரு கட்சிக்காரர் கோபித்துக்கொண்டாலும் அந்த மாமனின் முகத்தைத்தான் ஒட்டி அனுப்பினார்கள்.

இதெல்லாம் திருமழபாடிக்குப் போய்ச் சேராமல் இருக்குமா? அரியலூர் பஸ் ஸ்டாண்டில் டீக்கடைப் பையன்கள், "மாமா, வண்டிய அணைக்கலையா? எலும்பு வேணுமா?" என்று கேட்டார்கள். சாமிதுரை சிரித்து வைத்தார். பிறகு கோகுலின் தங்கை வினோதினி புது வீடு கட்டிக் குடிபோனாள். சாமிதுரை வண்டியில் வந்தார். வாசலில் நின்றிருந்த அத்தனை பேரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர் அந்த போன்களை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார். யாரும் கூப்பிடாமலே உள்ளே போனார், முதல் பந்தியில் சாப்பிட்டார், கை கழுவினார், போய்விட்டார்.

அன்றோடு சரி. அதற்கப்புறம் எந்த விசேஷத்திலும் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மச்சான் திருந்திவிட்டார் என்று அங்கமுத்து சந்தோஷப்பட்டார். பஞ்சவர்ணம் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

கோகுலின் இரண்டாவது படம் ஒரு வாரத்தில் பெட்டிக்குள் போனது. பெரம்பலூர் தியேட்டரில் கடைசி வரிசையில் உட்கார்ந்து அவனே பார்த்தான். ஜனங்கள் சிரித்தது ஒரே இடத்தில், இடைவேளையில் போட்ட மூலிகை எண்ணெய் விளம்பரத்துக்கு. மூன்றாவது படம் பாதியில் நின்றது. பார்க்கிற தயாரிப்பாளர் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: "அந்த மாமன் மாதிரி ஒண்ணு புடிங்க சார்." அவனும் உட்கார்ந்து எழுதிப் பார்த்தான். எழுதிய மாமன்கள் எல்லாம் சவசவ என்று இருந்தார்கள். வினோதினி வீட்டு வாசலில் அந்த வண்டி அணைந்தபோது அவனும் ஒரு ஓரத்தில் நின்றிருந்தான். பேனாவை எடுத்தால் அந்தச் சத்தம் நின்ற இடம்தான் நினைவுக்கு வந்தது. சிரிக்க வைக்கிறவனுக்கு உள்ளே ஒரு முள் தைத்துவிட்டால், பிறகு அவன் எங்கே பிறரைச் சிரிக்க வைப்பது?

வயது நாற்பதை நெருங்கியது. பஞ்சவர்ணம் பிறந்த ஊருக்குப் போய், பங்குனியில் நடக்கிற நந்தி கல்யாணத்தைக் கூட்டத்தில் இடிபட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். அதைப் பார்த்தால் வீட்டில் கல்யாணம் கூடிவரும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. நந்தி கைவிடவில்லை. பெரம்பலூரில் அனுசுயா என்று ஒரு பெண் அமைந்தது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். குரல் மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும்.

பெண் பார்க்கப் போன அன்று இருவரையும் மாடிக்குப் பேச அனுப்பினார்கள். சினிமாவைப் பற்றி எல்லோரும் கேட்கிற கேள்விகளுக்கு அவன் பதில் தயாராக வைத்திருந்தான். அவள் அவற்றில் ஒன்றையும் கேட்கவில்லை.

"உங்க படத்துல வர்ற மாமா நெஜமாவே உங்க மாமாதானாமே? அப்பா சொன்னாங்க."

"ஆமாங்க."

"அவரு நெஜத்துல எதுக்குங்க கோவிச்சுப்பாரு? எலும்புக்கா?"

"சேச்சே, எலும்பெல்லாம் நான் சேத்தது. அவரு சும்மா, பாக்கு இல்ல, அது இல்லன்னு..."

"பாக்குக்காக ஒரு மனுசன் அம்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டிட்டு வந்து வாசல்ல நிப்பாரா? என் ஸ்கூல்ல ஒரு புள்ள தெனம் ஷூ கடிக்குதுன்னு ஓரமா உக்காந்துரும். ஷூல ஒண்ணும் இருக்காது. வேற எதாவது இருக்கும்."

கோகுல் மாடியில் காயப்போட்டிருந்த சின்ன வெங்காயத்தைப் பார்த்தான். இத்தனை வருஷம் மாமனை நடித்திருக்கிறான், எழுதியிருக்கிறான், ஊரே பார்க்கும்படி காட்டியிருக்கிறான். எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஊருக்குத் திரும்பியதும் அம்மாவைத்தான் கேட்டான். பஞ்சவர்ணம் களத்தில் முந்திரிக்கொட்டையைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கேள்வியைக் கேட்டதும் கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள்.

"இப்பதான் கேக்கணும்னு தோணுச்சாடா உனக்கு?"

"சொல்லும்மா."

"உங்கப்பா, பெரியப்பா எல்லாம் வந்து கூப்புடுவாங்க, எறங்காது. கடைசில என்ன சொல்லும்? 'எந்தங்கச்சி வந்து கூப்புடட்டும், எறங்குறேன்'னு சொல்லும். ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. கடைசியில் கையைப் பிடித்து அழைத்து வருவது எப்போதும் அம்மாதான்.

"நான் எங்க இருப்பேன்? பின்கட்டுல அடுப்புக்கிட்ட. இந்த வூட்டுல விசேஷம்னா எனக்கு அடுப்புதான். காதுகுத்துறதயும் பாத்ததில்ல, தாலி கட்டுறதயும் பாத்ததில்ல. அண்ணன் அடம் புடிச்சா என்னயக் கூட்டியாந்துதான ஆவணும்? கரிப்பொடவையோட வாசலுக்கு அனுப்புனா இவுங்க மானம் போயிடும்ல. உங்கத்த ஓடியாந்து நல்ல பொடவ எடுத்துக் குடுக்கும். மொகத்தத் தொடச்சி, தலையில பூ வெச்சி வுடுவாங்க. அப்பறம் அண்ணன் கையப் புடிச்சி உள்ள கூட்டியாந்தவள திரும்ப அடுப்படிக்குப் போன்னு சொல்ல முடியுமா? அண்ணன் பக்கத்துலயே உக்காந்து எல்லாத்தயும் பாப்பேன். நீங்க சிரிச்சீங்க. நான் ஒவ்வொரு விசேஷத்துலயும் எப்படா அந்த வண்டிச் சத்தம் கேக்கும்னு காதத் தொறந்து வெச்சிக்கிட்டு இருப்பேன்."

பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார் என்று ஊருக்கு உபதேசம் செய்தவன், பூ வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்த அந்த முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்காமல் போனதை நினைத்து வெட்கப்பட்டான். "நீ ஏம்மா படம் வந்தப்பவே சொல்லல?" என்று கேட்டான்.

"எல்லாரும் அப்படி சிரிக்கிறாங்க. எம்புள்ள படம்னு எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. என்னத்தச் சொல்ல?"

மறுநாளே திருமழபாடிக்குப் போனான். தட்டில் பாக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, தெரு முனையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து போய்ப் பத்திரிகை வைத்தான். சாமிதுரை சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

"வந்துடறேன் தம்பி. ஓரமா நின்னு அட்சதை போட்டுட்டு வந்துடறேன்."

"ஓரமா எதுக்கு மாமா? நீங்கதான மொத பட்டம் கட்டணும்."

"நம்ம இளவரசன் கட்டட்டும். எம்மவன் கட்டினாலும் மாமன் வூட்டுப் பட்டம்தான? நான் மேடை ஏறுனா ஜனங்க போனத் தூக்கும். உன் கல்யாணத்துல எதுக்கு அந்தக் கூத்து?"

"மாமா, நான் பண்ணது தப்பு. மன்னிச்சுக்குங்க."

"தப்பு என்ன தப்பு? தொழிலு. நல்லாத்தான் எடுத்திருந்த." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காப்பி குடிச்சிட்டுப் போ."

மன்னிப்புக் கேட்டால் தீர்ந்துவிடும் என்று நினைத்துப் போனவன், காப்பி குடித்துவிட்டுத் திரும்பினான். மாப்பிள்ளையின் நெற்றியில் முதல் பட்டம் தாய்மாமன் கட்ட வேண்டும். அந்த இடத்தை அவர் சத்தமில்லாமல் விட்டுக்கொடுக்கிறார். அவர் வருவார், சாப்பிடுவார், போவார். மாமனாக மட்டும் வர மாட்டார். அவனுக்கு அவர் மாமனாக வர வேண்டும். மற்றபடி கல்யாணத்தில் எது குறைந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

வைகாசியில் அரியலூரில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். சினிமாக்காரன் கல்யாணம் என்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. பாதிப் பேர் மாப்பிள்ளையைப் பார்க்க வந்தார்கள், பாதிப் பேர் மாமனைப் பார்க்க வந்தார்கள். வாசலில் இளவட்டங்கள் போனோடு நின்றார்கள். சாமிதுரை அவர்களை ஏமாற்றினார். மண்டபத்துக்குப் பின்னால் வேப்ப மரத்தடியில் வண்டியை நிறுத்திப் பூட்டிவிட்டு, சமையல்கட்டு வழியாக உள்ளே வந்து, கடைசி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சீர்த்தட்டை மகனிடம் கொடுத்து அனுப்பியிருந்தார்.

பட்டம் கட்டுகிற நேரம் வந்தது. கோகுல் பட்டு வேட்டியில் மேடையில் உட்கார்ந்திருந்தான். ஐயர், "மாப்பிள்ளையோட அம்மா எங்க? கூப்பிடுங்கோ" என்றார். பஞ்சவர்ணத்தைக் காணோம். விடியற்காலையிலிருந்து வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் பூ கொடுத்துக்கொண்டிருந்தவள், சற்று முன்வரை இருந்தாள். சமையல்கட்டில் தேடினார்கள். மணப்பெண் அறையில் தேடினார்கள். அப்போது வினோதினி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அண்ணே, அம்மா பின்னாடி மாமா வண்டியில ஏறி உக்காந்துகிட்டு எறங்க மாட்டேங்குது!"

மண்டபமே எழுந்துகொண்டது. கோகுல் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினான். வேப்ப மரத்தடியில், அரக்குப் பட்டுப் புடவையில், புல்லட்டின் பின்சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்து, பஞ்சவர்ணம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே அண்ணனின் முகவெட்டு.

"இது என்ன கூத்து? எறங்கு" என்றார் அங்கமுத்து.

"எறங்க மாட்டேன். எங்கண்ணன் சமையக்கட்டு வழியா வந்து கடைசி நாக்காலியில உக்காந்திருக்கு. மாப்ளைக்குத் தாய்மாமன் யாரு? மேளம் எங்க? தட்டு எங்க? வாசல்ல வெச்சி மொறையா கூப்புட்டாத்தான் நான் வருவேன். இல்லாட்டி நீங்களே தாலி கட்டிக்குங்க."

சாமிதுரை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். காது வரைக்கும் சிவந்திருந்தது. "பாப்பா, எறங்கும்மா. ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும்ண்ணே. சிரிச்சிட்டு வந்து கூப்புடட்டும்."

பின்னாலிருந்து நாலைந்து போன்கள் மேலே எழும்பின. "போன எல்லாம் உள்ள வைங்க!" என்று ஒரு குரல் கேட்டது. பெரம்பலூரில் மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கிற அதே குரல். அத்தனை போனும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போலக் கீழே இறங்கின. அனுசுயா முழு அலங்காரத்தோடு, வெற்றிலையும் பாக்கும் வைத்த தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் வந்தார்கள். மணப்பெண் வந்து மாமனை அழைப்பது எந்த முறையிலும் இல்லை. ஐயரே ஒதுங்கி வழிவிட்டார்.

தவில் முழங்கியது. கோகுல் தட்டை வாங்கி மாமனிடம் நீட்டினான். "வாங்க மாமா. நீங்க வராம நான் மேடை ஏற மாட்டேன்" என்றான். குரல் உடைந்துவிட்டது. அதை அவன் மறைக்கவில்லை.

சாமிதுரை தட்டைப் பார்த்தார். வெற்றிலை இருந்தது, பாக்கு இருந்தது. கையை நீட்டப் போனவர், தற்செயலாக வண்டியில் உட்கார்ந்திருந்த தங்கையைப் பார்த்தார். நீட்டிய கை நின்றுவிட்டது. அவர் முகம் மெல்ல மெல்ல மாறியது. அந்த மாற்றத்தைப் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்ததால், கூட்டத்துக்கு என்ன நடக்கிறது என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"மாப்ள" என்றார் அங்கமுத்துவைப் பார்த்து. "வந்தவுங்க தலைக்கெல்லாம் பூ குடுத்தவ எந்தங்கச்சி. அவ தலையில பூ எங்க?"

எல்லோரும் பார்த்தார்கள். உண்மைதான். காலையிலிருந்து ஊருக்கெல்லாம் பூ கொடுத்தவள், தனக்கு ஒரு முழம் வைத்துக்கொள்ள மறந்திருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா வெறுங்கொண்டையோடு உட்கார்ந்திருந்தாள்.

சாமிதுரை மடியிலிருந்து சாவியை எடுத்தார். தங்கைக்கு முன்னால் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். ஓங்கி ஒரு மிதி மிதித்தார். புல்லட் டபடபவென்று உயிர் பெற்றது.

"நாங்க கெளம்புறோம்" என்றார். ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

கூட்டம் சிரித்தது. சிரித்துக்கொண்டே கெஞ்சியது. பெரியப்பா கைத்தடியோடு வந்து கெஞ்சினார், சித்தப்பா வந்து கெஞ்சினார், பெண் வீட்டார் எதற்கு என்று தெரியாமலே வரிசையில் நின்று கெஞ்சினார்கள். ஐயர் கடிகாரத்தைக் காட்டிக் கெஞ்சினார். சாமிதுரை யாருக்கும் மசியவில்லை. அன்று அவர் அரசனைப் போல உட்கார்ந்திருந்தார்.

கோகுலகிருஷ்ணன் இந்தத் தடவை மாமனைப் பார்க்கவில்லை. பின்சீட்டில் அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு, வண்டி அதிர்கிற அதிர்வில் தோடுகள் ஆட, சின்னப் பெண்ணைப் போலச் சிரித்துக்கொண்டிருந்த அந்த முகத்தைத்தான் பார்த்தான். அடுத்த படம் எங்கே தொடங்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குள் அங்கமுத்து ஓடத் தொடங்கியிருந்தார். எழுபது வயது மனிதர், செருப்பை உதறிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மனைவிக்குப் பூ எடுத்துவர மண்டபத்துக்குள் ஓடினார்.